மாதாவிடம் வாங்கிய முப்பத்துமூன்று நாள் லீவு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றிவிட்டான் என்று யாரும் வரக்கூடாது. இது ஒரு சுவரொட்டியாக இருந்திருக்க வேண்டியது. ஒப்துலியா அக்கா என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். அவள் மலைக்குக் கீழே, பஸ் போய் நிற்கிற ஊரின் மருத்துவமனையில் எச்.ஐ.வி. பிரிவு நர்ஸ். நான் மெக்சிகோ மலைமேல் இருக்கும் சான் மெல்ச்சோர் ஊர் பேண்டில் பித்தளைத் தட்டு இரண்டையும் மோதுகிறவன். யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் இன்று பன்றி அறுக்கிறார்கள், யாருடைய கழுதை யாருடைய சோளத்தை மேய்ந்தது என்றெல்லாம் எங்கள் ஊர் ஒலிபெருக்கியில் வாசிக்கிறார்களே, அதையெல்லாம் எழுதிக் கொடுப்பதும் நான்தான். கழுதை அறிவிப்பைக் கேட்டு இரண்டு வீட்டாரும் அழுதார்கள் என்று அக்கா எங்கேயோ கேள்விப்பட்டிருக்கிறாள்.

அவள் தந்த தலைப்பு: 'எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் குடிக்கலாமா?' பழைய சுவரொட்டியில் 'குடிக்காதே' என்று மட்டும் இருந்ததாம். அதைப் படித்த ஜனங்கள் குடியை விடவில்லை, மாத்திரையை விட்டார்களாம். சரி, பதில் என்ன என்று கேட்டேன். கொஞ்சமாகக் குடித்தால் பரவாயில்லை, மாத்திரையை மட்டும் ஒரு நாளும் விடக்கூடாது என்றாள்.

இது ஒரு வரி. பக்கத்துக்கு முப்பது வரி. மீதி இருபத்தொன்பது வரிக்கு நான் எங்கே போவேன்? கதைக்குப் போனேன்.

[அக்காவின் சிவப்புப் பேனா: யாருக்குக் கொஞ்சம், எவ்வளவு கொஞ்சம் என்றும் சொன்னேன். நீ அப்போது ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாய்.]

அவள் இப்படித்தான். கதை முழுக்க அடைப்புக்குறி போட்டுக்கொண்டு வருவாள். பொறுத்துக்கொள்ளுங்கள், நானும் பொறுத்துக்கொள்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

மலைகளின்மேல் மேகம் கவிந்திருந்த ஒரு காலையில் தவுரீனோ தன் ட்யூபாவைத் தோளில் மாட்டிக்கொண்டு—

மேகம் எங்கள் ஊரில் தினமும் கவிகிறது. அதை ஒரு செய்தியாகச் சொன்னால் ஊரார் சிரிப்பார்கள். அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம்:

எச்.ஐ.வி. என்பது மனித உடலின் எதிர்ப்புச் சக்தியை—

இதைப் படித்து எனக்கே தூக்கம் வந்தது.

மூன்றாவது தொடக்கம்:

தவுரீனோ அப்பா ஆக வேண்டும்.

இது சரி. இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

தவுரீனோ எங்கள் பேண்டில் ட்யூபா என்கிற பெரிய பித்தளை ஊதுகுழல் வாசிக்கிறான்.* நாலு வருடத்துக்கு முன் அவனுக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்தது. போன செப்டம்பரில் நெரெய்தாவைக் கட்டிக்கொண்டான். எல்லாம் தெரிந்துதான் அவள் கட்டிக்கொண்டாள். அவளுக்கு அந்த வைரஸ் இல்லை. தினமும் ஒரு மாத்திரை, மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டோடு. ஒழுங்காகப் போட்டால் ரத்தத்தில் வைரஸ் சோதனைக்கே அகப்படாத அளவுக்கு இறங்கிவிடும். இறங்கி, அப்படியே நின்றால், உறவில் மனைவிக்குத் தொற்றாது. இறங்கித்தான் இருந்தது, மூன்று வருடத்துக்கு மேல். ஜனவரியில் ஒரு சோதனை பார்த்துவிடுவோம், அதன்பின் பிள்ளைக்கு முயற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நெரெய்தா தொட்டிலுக்கு வலை பின்ன ஆரம்பித்துவிட்டாள்.

ஜனவரிச் சோதனையில் வைரஸ் எண் நாலாயிரத்துச் சொச்சம் என்று வந்து நின்றது.

* அவன் பெயர் தவுரீனோ இல்லை, வாத்தியம் ட்யூபாவும் இல்லை. அவனுடைய சம்மதத்தோடும் அவளுடைய சம்மதத்தோடும்தான் எழுதுகிறேன். பெயரை மாற்றச் சொன்னது நெரெய்தா. வாத்தியத்தைப் பெரியதாக மாற்றச் சொன்னது தவுரீனோ.

3

கொஞ்ச நேரம் கட்டுரை. வேறு வழியில்லை, இதைச் சொல்லாமல் அடுத்த பகுதி புரியாது.

எங்கள் பக்கத்தில் ஒருவன் குடியை விட வேண்டும் என்றால் டாக்டரிடம் போவதில்லை, மாதாவிடம் போகிறான். கோயிலில் மண்டியிட்டு, ஆறு மாதமோ ஒரு வருடமோ தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறான். கோயில் காரியங்களைப் பார்க்கிற கோயில்பிள்ளை ஒரு சின்ன அட்டையில் தேதி எழுதி முத்திரை குத்திக் கொடுப்பார். அந்த அட்டை சட்டைப் பையில் இருந்தால் ஊரில் எவனும் கிண்ணத்தை நீட்டமாட்டான். நீட்டினால் பாவம் நீட்டினவனுக்கு.

ஆனால் நாங்களும் மனிதர்கள், மாதாவும் பிள்ளை பெற்றவள். சத்தியத்தின் நடுவில் தங்கைக்குக் கல்யாணம் வந்தால்? கோயில்பிள்ளையிடம் போய் லீவு கேட்கலாம். ஒரு நாள், இரண்டு நாள், பெரிய திருவிழா என்றால் மூன்று நாள். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி முத்திரை குத்துவார். அந்த மூன்று நாளும் குடிக்கலாம், சத்தியம் உடையாது. நாலாம் நாள் மறுபடி சத்தியம் விட்ட இடத்திலிருந்து தொடரும். இதில் என்ன தப்பு என்று வெளியூர்க்காரர்கள் கேட்கும் கேள்வி எங்களுக்குப் புரிவதே இல்லை.

இன்னொன்றும் எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். மாத்திரையும், மெஸ்கால் என்கிற எங்கள் கற்றாழைச் சாராயமும் உடம்புக்குள் சந்தித்தால் ஒன்றுக்கொன்று குறுக்கே வந்துவிடும். தலைவலி மாத்திரையா, ரத்தக்கொதிப்பு மாத்திரையா என்ற பேதமெல்லாம் கிடையாது. குடிக்கிற அன்றைக்கு மாத்திரை கிடையாது. அவ்வளவுதான் எங்கள் மருத்துவம்.

[சி.பே.: இதை அடிக்கோடிடு. என் பதினெட்டு வருட வேலை முழுக்க இந்த ஒரு நம்பிக்கையோடுதான்.]

4

இப்போது ஜனவரிக்கு வருவோம். நான் அங்கே இல்லை. ஆனால் அங்கே இருந்த மூன்று பேரும் தனித்தனியாக வந்து என்னிடம் சொன்னார்கள். மூன்றும் பொருந்துகிற இடத்தை மட்டும் எழுதுகிறேன்.

அக்கா எண்ணைப் பார்த்தாள். தவுரீனோவைப் பார்த்தாள். மாத்திரையை விட்டாயா என்று கேட்டாள். இல்லவே இல்லை என்றான். ஒரு நாள்கூட? ஒரு நாள்கூட இல்லை. பக்கத்தில் நெரெய்தா, இவன் நல்ல பிள்ளை, வீட்டில் தினமும் என் எதிரில்தான் போடுகிறான் என்று சாட்சி சொன்னாள். வீட்டில் இல்லாத நாட்களில், திருவிழாவுக்கு வாசிக்க வெளியூர் போகும்போது என்று அக்கா கேட்டாள்.

அப்போது தவுரீனோ சட்டைப் பையில் கைவிட்டான்.

"பெர்மிஷன் இல்லாம ஒரு நாள்கூட விட்டதில்லக்கா."

மேஜைமேல் சீட்டுகளை எடுத்து வைத்தான். பதினோரு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் தேதி, மூன்று நாள், கோயில் முத்திரை. அக்டோபர் முதல் ஜனவரி வரை பதினோரு திருவிழா. நாலு வருடத்துக்கு முன்னால் இவன் மாதா முன் மண்டியிட்டுச் செய்த சத்தியம் குடியைப் பற்றியதே இல்லை. தினமும் மாத்திரை போடுகிறேன் தாயே என்று சத்தியம் செய்து, வருடாவருடம் புதுப்பித்திருக்கிறான். அதை யாரிடமும் சொல்லவில்லை, எப்படிச் சொல்வான்? கோயில்பிள்ளை நிகனோர் வழக்கம்போலக் குடிச்சத்தியம் என்று நினைத்து முத்திரை குத்தினார். கல்யாணத்துக்குப்பின், கல்யாணமானவன் என்ற மரியாதையில் விழா எடுக்கிறவர் வீட்டுப் பந்தியில் உட்கார வேண்டி வந்தது. அந்தப் பந்தியில் கிண்ணம் வரும், செய்யாத குடிச்சத்தியத்தைச் சொல்லி மறுக்க முடியாது. குடித்தால் மாத்திரை போடக்கூடாது. மாத்திரை போடாவிட்டால் சத்தியம் உடையும். ஆகவே முறைப்படி லீவு கேட்டான். நிகனோர் குடிக்க லீவு கொடுத்தார், இவன் மாத்திரைக்கு லீவு எடுத்தான்.

ஒப்துலியா அக்கா எழுந்து வெளியே போனாள். தாழ்வாரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இதை அவளே ஒப்புக்கொண்டாள். நோயாளி முன்னால் சிரிக்கக்கூடாது என்பது விதியாம்.

திரும்பி உள்ளே வந்தபோது நெரெய்தா சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை.

"மாதாகிட்ட பதினோரு தடவ கேட்டிருக்க. எங்கிட்ட ஒரு தடவ கேட்டியா?"



5

அக்கா பிறகு விளக்கியதை இங்கே வைக்கிறேன். கதையின் ஓட்டம் கெடும் என்று நான் வாதாடினேன், தோற்றேன்.

அவன் போடுகிற மாத்திரைக்கும் இரண்டு கிண்ணம் மெஸ்காலுக்கும் சண்டை ஒன்றும் இல்லை. குறுக்கே வருவது மெஸ்கால் இல்லை, விட்டுப்போன மாத்திரை. அது இல்லாத நாளில் வைரஸ் குட்டி போடும். அடிக்கடி விட்டால், மாத்திரையை ஏய்க்கவும் கற்றுக்கொள்ளும். பிறகு அதே மாத்திரையைக் கொட்டிக் கொட்டிக் கொடுத்தாலும் கேட்காது. தவுரீனோவுக்கு அப்படி ஆகிவிட்டதா இல்லையா என்று உடனே சொல்ல முடியாது. இனி ஒரு நாளும் விடாமல் போட்டு, எட்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும்.

[சி.பே.: ஆணுக்கு ஒரு நாளில் இரண்டு சின்னக் கிண்ணம், பெண்ணுக்கு ஒன்று. வாரம் முழுக்க மிச்சம் பிடித்து ஞாயிற்றுக்கிழமை பதினான்காகக் குடிப்பது கணக்கில் சேராது. வெறும் வயிற்றில் வேண்டாம். கல்லீரலில் ஏற்கெனவே கிருமி இருப்பவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு, ஆரம்பித்தால் நிறுத்த முடியாதவர்களுக்கு ஒரு கிண்ணமும் இல்லை. எல்லா எச்.ஐ.வி. மாத்திரையும் ஒரே மாதிரி இல்லை, ஆகவே உன் மாத்திரையைக் காட்டி உன் டாக்டரிடம் கேள். குடித்து மறந்துபோனால், நினைவு வந்ததும் போடு. இன்றைக்கு விட்டதற்காக நாளைக்கு இரண்டாகப் போடாதே.]

பார்த்தீர்களா, ஒரு வரி என்று ஆரம்பித்தது. இதை மட்டும் ஒட்டியிருந்தால் சுவரொட்டி முடிந்திருக்கும். நான் ஒரு முட்டாள்.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் நெரெய்தா டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். தவுரீனோ கடைசி வரிசையில். வீட்டுக்கு வந்ததும் அவள் தொட்டில் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுத் தெளிவாகச் சொன்னாளாம்: எட்டு வாரம். எண் இறங்க வேண்டும் என்பது டாக்டருடைய கவலை. இன்னொரு தடவை எனக்குத் தெரியாமல் ஏதாவது செய்தாய் என்றால், எண் பூஜ்யமாகவே இருந்தாலும் நான் துஸ்தெபெக் நகரத்தில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன்.

6

இங்கே எனக்கு என் நாயகன்மேல் சந்தேகம் வந்துவிட்டது. நேர்மையாகச் சொல்கிறேன், இந்தப் பகுதியை ஆறு தடவை எழுதிக் கிழித்தேன்.

ஒரு பிரதியில் தவுரீனோ அப்பாவி. மாத்திரைக்கு லீவு உண்டு என்று மனதார நம்பினான். ஆனால் அவன் நாலு வருடமாக மருத்துவமனைக்குப் போய்வருகிறவன். அவ்வளவு அப்பாவியால் ட்யூபாவில் ஒரு சுருதி சேர்க்க முடியாது. இன்னொரு பிரதியில் அவன் கள்ளன், எல்லாம் தெரிந்தே செய்தான். ஆனால் கள்ளன் சீட்டுகளைப் பத்திரமாக அடுக்கி வைத்து நர்ஸிடமே காட்டுவானா?

என்ன எழுதுவது என்று தெரியாமல் அவனையே கேட்டேன். ஒத்திகை இடைவேளையில், அவன் ட்யூபாவைக் கவிழ்த்து எச்சில் வடித்துக்கொண்டிருந்தபோது. அவன் ரொம்ப நேரம் வடித்துக்கொண்டிருந்தான். ஒரு ட்யூபாவில் அவ்வளவு எச்சில் இருக்காது.

"மத்த நாள்ல ஒரு மணி அடிச்சா எனக்கு அது ஞாபகம் வந்துரும்ணே. மாத்திரையப் பாத்தா நான் யாருன்னு ஞாபகம் வந்துரும். அந்த மூணு நாளும் எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும்."

 அவனை அப்போது கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது, ஆனால் நடுவில் ட்யூபா இருந்தது. ஆகவே தோளைத் தட்டினேன். கதாபாத்திரத்தைச் சந்தேகிப்பதை அன்றோடு விட்டுவிட்டேன்.

[சி.பே.: இந்தப் பகுதியில் திருத்தம் இல்லை.]

7

இனிமேல் வேடிக்கைதான், கவலைப்படாதீர்கள்.

தவுரீனோ புதுச் சத்தியம் செய்யக் கோயிலுக்குப் போனான். இந்தத் தடவை நெரெய்தாவிடம் சொல்லிவிட்டுப் போனான். அவள் வந்து பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். நிகனோர் அட்டையை எடுத்து, எத்தனை மாதம் என்று கேட்டார்.

ஒரு வருடம், லீவு இல்லாமல் என்றான்.

நிகனோருக்குப் பேனா நின்றுவிட்டது. முப்பது வருடமாக முத்திரை குத்துகிற மனிதர். லீவு இல்லாத சத்தியத்தை அவர் பார்த்ததில்லை. மாதாவே அப்படிக் கேட்கமாட்டாள் என்றார். இது ஆணவம் என்றார். பிறகு, சரி, எதைத் தொடமாட்டாய் என்று கேட்டார்.

"மூணாவது கிண்ணத்த."

"என்னது?"

"ரெண்டு வரைக்கும் குடிப்பேன். மூணாவதத் தொடமாட்டேன். மாத்திரைய ஒரு நாளும் விடமாட்டேன். ரெண்டையும் எழுதுங்க."

அட்டையில் அச்சடித்திருந்தது, 'ஒரு சொட்டும் தொடமாட்டேன்' என்று. நிகனோர் அட்டையைப் பார்த்தார், மாதாவின் சிலையைப் பார்த்தார், பாதிரியார் ஊரில் இல்லை என்பதையும் நினைத்துக்கொண்டார். கடவுளுக்குக் கணக்குப்பாடம் நடத்துகிறாயா என்று முனகினார். கடைசியில் அச்சடித்த வரியை அடித்துவிட்டுக் கையால் எழுதினார். என்ன மாத்திரை என்று மட்டும் அவர் கேட்கவில்லை. நிகனோர் கேட்காமல் விட்டதை நான் மரியாதை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

8

மார்ச் முதல் வாரம், எங்கள் ஊர்த் திருவிழா. இந்த வருட உபயம் ஃபிலிபெர்த்தா அம்மா வீடு. எட்டு வாரத்தில் ஆறு முடிந்திருந்தது. காலைப் பவனி வாசித்துவிட்டு வந்து பேண்ட் முழுக்கப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். மாட்டிறைச்சிக் குழம்பு, சுடச்சுடச் சோள ரொட்டி. நெரெய்தா அடுக்களையில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள், அங்கிருந்து பந்தி தெரியும். ஃபிலிபெர்த்தா அம்மா ஒரே கிண்ணத்தோடு வரிசையாக வந்தாள். ஊற்றுவாள், நீ குடித்து முடிக்கும்வரை முன்னாலேயே நிற்பாள், கிண்ணத்தை வாங்கி அடுத்தவனுக்கு ஊற்றுவாள். அதுதான் முறை.

இந்த இடத்தில் என் முதல் பிரதியில், தவுரீனோ மாத்திரையை ரொட்டிக்குள் ஒளித்துச் சாப்பிட்டான் என்று எழுதியிருந்தேன். மூன்றாவது கிண்ணத்தை ட்யூபாவின் வாய்க்குள் ஊற்றினான், மாலைப் பவனியில் ட்யூபா விக்கியது என்றும் எழுதியிருந்தேன். நல்ல காட்சி. தவுரீனோ படித்துவிட்டு, மெஸ்கால் பட்டால் வால்வு பாழாகிவிடும் அண்ணே, எவனாவது படித்துவிட்டுச் செய்யப்போகிறான் என்றான். ஆகவே நடந்ததையே எழுதுகிறேன்.

ஒரு மணி அடித்தது. தவுரீனோ முதல் கிண்ணத்தைக் குடித்து முடித்திருந்தான். பைக்குள் கைவிட்டு மாத்திரையை எடுத்தான். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி, உள்ளங்கையில் வைத்து, தண்ணீர் கேட்டான். பக்கத்தில் இருந்த நான் எடுத்துக் கொடுத்தேன். அவன் முகம் முழுக்க வேர்த்திருந்தது.

ஃபிலிபெர்த்தா அம்மா பார்த்துவிட்டாள். நல்ல மனுஷி, பதறிப்போய்க் கிண்ணத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மாத்திரையா, வேண்டாம் மகனே, குறுக்கே வந்துவிடும், இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடு என்றாள். பந்தி முழுவதும் ஆமாம் என்றது. என் வாயும் பழக்கத்தில் ஆமாம் என்றது, வெட்கமாக இருக்கிறது.

அடுக்களையில் ரொட்டி தட்டுகிற சத்தம் நின்றது.

"இல்லம்மா. ரெண்டு கிண்ணத்துக்கு இது ஒண்ணும் செய்யாது. நர்ஸ்கிட்ட கேட்டுட்டேன். இத விட்டாத்தான் எனக்குக் கேடு." சொல்லிவிட்டு விழுங்கினான்.

எதற்கு மாத்திரை என்று டிரம்பெட் வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. ரத்தத்துக்கு என்றான் தவுரீனோ. பொய் இல்லை.

அப்போது பெரிய முரசு அடிக்கிற பொன்சியானோ, அறுபது வயசு, மலை மாதிரி ஆள், தொப்பியைக் கழற்றினார். உள்பட்டையில் ஒரு மாத்திரைத் தாள் செருகியிருந்தது. எனக்கும் ரத்தத்துக்குத்தான், கொதிப்பு, திருவிழா மூன்று நாளும் போடுவதில்லை, இரண்டாம் நாள் பவனியில் எப்போதும் தலை சுற்றும், அது பக்தி என்று நினைத்திருந்தேன் என்றார். அதற்குப்பின் பந்தி பந்தியாக இல்லை. கிளாரினெட்காரன் காலுறைக்குள்ளிருந்து எடுத்தான். ட்ரோம்போன் ஊதுகிற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு ஒரே சமயத்தில் எடுத்தார்கள், அண்ணன் தம்பி, ஒரே சர்க்கரை மாத்திரை, ஒருவருக்கொருவர் தெரியாது. பேண்டில் பாதிப் பேர் ஒவ்வொரு திருவிழாவுக்கும் திருட்டுத்தனமாக மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள். இருபது வருடமாக இரண்டாம் நாள் தாளம் ஏன் தப்பியது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

[சி.பே.: நிறுத்து. தவுரீனோவின் மாத்திரைக்குச் சொன்னது தவுரீனோவின் மாத்திரைக்கு மட்டும். சர்க்கரை மாத்திரையோடு குடித்தால் சிலருக்குச் சர்க்கரை விழுந்து மயக்கம் வரும். அவரவர் மாத்திரையைக் கொண்டுபோய் அவரவர் டாக்டரிடம் கேட்கட்டும். திருவிழாவுக்கு முன்னால்.]

ஃபிலிபெர்த்தா அம்மாவும் கிட்டத்தட்ட இதையேதான் செய்தாள். கேட்டுவிட்டு வருகிறவரை உங்கள் யாருக்கும் ஊற்றமாட்டேன் என்று கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். ட்ரோம்போன் சகோதரர்கள் செம்பருத்தித் தண்ணீர் குடித்தார்கள். ஏற்கெனவே கேட்டுவிட்டு வந்த ஒரே ஆள் தவுரீனோ. அவனுக்கு மட்டும் இரண்டாவது ஊற்றினாள். பரிசு கொடுக்கிற மாதிரி ஊற்றினாள். சந்தோஷத்தில் மூன்றாவதையும் ஊற்றிவிட்டு முன்னால் நின்றாள்.

அவன் அட்டையை எடுத்துக் காட்டினான். அவள் இரண்டு தடவை படித்தாள். இப்படி ஒரு சத்தியத்தை எந்த மடையன் எழுதிக் கொடுத்தான் என்று கேட்டாள். பந்தியின் கோடியில் நிகனோர் குழம்புக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, முத்திரை என்னுடையதுதான் என்றார்.

அந்த மூன்றாவது கிண்ணம் வீணாகவில்லை. எனக்கு எந்த மாத்திரையும் கிடையாது.

மறுபடி ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டது. நெரெய்தா வெளியே வரவில்லை. தவுரீனோவின் தட்டுக்கு மட்டும் ரொட்டி சூடாகவே வந்துகொண்டிருந்தது. இதற்கு என்ன அர்த்தம் என்று அவன் என்னைக் கேட்டான். நான் தட்டு மோதுகிறவன், எனக்கு என்ன தெரியும்.

9

முடிவுக்கு வந்துவிட்டோம். எட்டு வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வாங்கப் போகும் நாளில் நானும் கூடப் போனேன், கதைக்கு முடிவு வேண்டுமே. மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர்கள் இருவரும் உள்ளே போனார்கள், கதவைச் சாத்திக்கொண்டார்கள். காத்திருந்த நேரத்தில் மூன்று முடிவுகள் எழுதினேன்.

அ. எண் இறங்கிவிட்டது. சோதனைக்கு அகப்படவில்லை. ஊர் முழுக்க வெடி. பேண்ட் வாசிக்கிறது. இன்னும் கொஞ்ச மாதம் அப்படியே நின்றால்—

ஆ. எண் இறங்கவில்லை. அந்த மாத்திரை இனி கேட்காது. வேறு மாத்திரை, வேறு எட்டு வாரம். தவுரீனோ ட்யூபாவைச் சுவரில் சாய்த்துவிட்டு—

இ. பாதி இறங்கியிருக்கிறது. அக்கா உதட்டைப் பிதுக்குகிறாள். நெரெய்தா துஸ்தெபெக் பஸ்ஸுக்கு—

இ-யை எழுதும்போது பாதியில் பேனாவை மூடிவிட்டேன். நானாக எழுதுகிற கதைதானே, ஏன் மூட வேண்டும்? இவர்கள் பிரிந்துபோவதை என்னால் தாங்க முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. சுவரொட்டியே எழுதியிருக்கலாம். சுவரொட்டிக்கு யாரும் பெஞ்சில் உட்கார்ந்து வேர்ப்பதில்லை.

கதவு திறந்தது. நெரெய்தா மட்டும் வந்தாள். அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தேன். அழுதிருந்தாள், ஆனால் அவள் சந்தோஷத்துக்கும் அழுகிறவள். உள்ளே அக்கா ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், தவுரீனோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது, அவன் ஜலதோஷத்துக்கும் அப்படித்தான் சிந்துவான்.

என் மடியிலிருந்த தாளை எடுத்து மூன்று முடிவுகளையும் படித்தாள். என் பேனாவை வாங்கி மூன்றையும் அடித்தாள். எண் என்ன என்று கேட்டேன். சொல்லமாட்டேன், அது எங்களுடையது என்றாள். கதை முடியாதே என்றேன், கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"எழுதித்தான் ஆகணும்னா இத எழுதிக்கோங்கண்ணே. ரிசல்ட் கவரப் பிரிக்கறதுக்கு முன்னாடியே நான் அவன் கையப் புடிச்சிட்டேன்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

[சி.பே.: எண் எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். நர்ஸ் நோயாளியின் எண்ணை வெளியே சொல்வதில்லை.]

ஆகவே வாசகரே, எண்ணை நீங்கள்தான் எழுத வேண்டும். எந்த எண் எழுதினாலும் அந்தக் கை பிடித்தது பிடித்ததுதான், அதை மட்டும் அடிக்க உங்களுக்கு அனுமதி இல்லை. இடம் விட்டிருக்கிறேன்:

____________